ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கொப்பி

அத்தியாயம் 6: ஓய்வு பெற்றவர்கள் தோட்டத்தில் உதவிச் சங்கம் நடத்துவது

பென்ஷன் எடுத்த முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் மாதம் அதே பேப்பரை இரண்டு தரம் வாசிப்பீர்கள். மூன்றாம் மாதம் ஒரு நாள் பணிய லயத்திலிருந்து யாராவது ஒரு அம்மா, முந்தானைக்குள் ஒரு கடிதத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். "சேர், இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா, தலவாக்கலை, எந்தப் பக்கமானாலும் தோட்டத்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர், கிளாக்கர், தபாலதிபர், மருத்துவிச்சி எல்லோருக்கும் இது பழக்கமான காட்சி. வாசலில் நடக்கும் அந்த வேலையை நாலு பேர் சேர்ந்து, ஒரு நேரம் வைத்து, ஒரு கொப்பியில் எழுதிச் செய்தால் அதுதான் உதவிச் சங்கம். அதை எப்படித் தொடங்குவது, எங்கே இடறும் என்று இந்த அத்தியாயம் சொல்கிறது.

சங்கம் நமக்குப் புதிதல்ல. தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. மாதச் சந்தா, சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் தேத்தண்ணிக்கும் காசு, வருடம் ஒருமுறை கணக்கு வாசிப்பு. பெரிய படிப்பில்லாதவர்கள் நடத்தும் அந்தச் சங்கம் நிற்பதற்குக் காரணம், விதி எல்லோருக்கும் தெரிவதும் கணக்கை எல்லோர் முன்னும் வாசிப்பதும்தான். உங்கள் சங்கத்துக்கும் அந்த இரண்டும் வேண்டும்.

வெளியுலகத்தில் ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் இங்கிலாந்தைப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தம் அறிவிக்கப்பட்டதற்கு மறுநாள், 1939 செப்டெம்பர் 4 அன்று, 200 ஆலோசனை நிலையங்கள் திறந்தன. ரேஷன் புத்தகம் தொலைந்தவர், வீடு இழந்தவர், கடன்பட்டவர் வந்து கேட்க, சம்பளமில்லாத உள்ளூர்க்காரர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது.

பொதியில் தொடங்காதீர்கள்

புதிதாகச் சங்கம் வைப்பவர்களுக்கு முதலில் வரும் எண்ணம் உலர் உணவுப் பொதி கொடுப்பது. முதல் ஆறு மாதத்துக்கு எந்தப் பொருளும் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. டிவிசனில் 120 குடும்பம் இருக்கும். கையில் 40 பொதி இருக்கும். மீதி 80 குடும்பத்துக்கும் நீங்கள் அன்றிலிருந்து ஆகாதவர். அதற்குப் பிறகு வெள்ளைத்தாளில் ஒரு நல்ல யோசனை சொன்னாலும் "அவனுங்க ஆளுக்குத்தான் செய்வானுங்க" என்ற பேச்சு வரும்.

உங்களிடம் இருப்பது காசு அல்ல. படிவம் வாசிக்கத் தெரியும், எந்தக் கந்தோரில் எந்த ஜன்னல் என்று தெரியும், வேலைநாளில் பஸ் ஏறிப் போக நேரம் இருக்கிறது. கொழுந்து எடுக்கிறவருக்கு ஒரு நாள் கச்சேரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும். உங்களுக்குப் போவது பஸ் காசு மட்டும். முப்பது வருடம் மலையில் நின்ற ஒருவருக்குச் சேர வேண்டிய சர்வீஸ் பணம் சரியாகக் கைக்கு வந்தால், பத்து வருடப் பொதியை விடப் பெரிது.

ஆட்களைச் சேர்த்தல்

1. ஐந்து பேரோடு தொடங்குங்கள். ஏழுக்கு மேல் போனால் கூட்டம் நடத்துவதே வேலையாகிவிடும்.
2. குறைந்தது இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். குடிகாரக் கணவன், நுண்கடன், மகளின் பிரச்சினை, இவற்றை ஒரு பெண் ஆண்கள் மட்டும் இருக்கும் மேசையில் வாய் திறந்து சொல்ல மாட்டார்.
3. ஐவரில் ஒருவராவது மலையில் வேலை செய்து நின்றவராக இருக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் காம்பராவில் யார், யாருக்கு யார் உறவு, யார் வெட்கத்தில் வராமலிருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும்.
4. சிங்களம் வாசிக்கவும் எழுதவும் தெரிந்த ஒருவர் அவசியம்.
5. தொழிற்சங்கத் தலைவர்கள் எல்லோரிடமும் போய்ச் சொல்லுங்கள். ஒருவருக்கும் பதவி கொடுக்காதீர்கள். ஒரு தலைவரிடம் மட்டும் சொல்லி மற்றவரை விட்டால் சங்கம் தொடங்குமுன்னே நிறம் பூசிவிடுவார்கள்.

இதில் மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம்மில் பலர் ஸ்டாப் குவார்ட்டர்சில் இருந்தவர்கள். லயத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு ஐம்பது படிதான். ஆனால் அந்தப் படிகளை ஏறி வருவது லேசல்ல. முப்பது வருடம் செக்ரோலில் பேர் போட்ட கிளாக்கர் ஐயா மேசையில் உட்கார்ந்திருந்தால், "எனக்கு ரெண்டு வருசம் பேர் விடுபட்டுப் போச்சு" என்று ஒருவர் எப்படிச் சொல்வார்? அந்தப் பிழை அவர் கையெழுத்தாகவே இருக்கலாம். அதற்கு ஒரு விதி வையுங்கள்: தான் வேலை பார்த்த தோட்டத்துச் சம்பள விவகாரத்தை ஒருவர் தொடக்கூடாது, வேறொருவர் எடுக்க வேண்டும். அவர் அறிவு தேவைப்பட்டால் பின்னால் கேட்டுக்கொள்ளலாம்.

*குறிப்பு:* கதிரைகளை மேசையின் எதிரெதிரே போடாமல் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இருவரும் ஒரே கடதாசியைப் பார்க்கலாம். வந்தவர் நின்றுகொண்டே பேச ஆரம்பித்தால் உட்காரும்வரை நீங்களும் நில்லுங்கள்.

இடமும் நேரமும்

கோயில் மண்டபம் வசதிதான். ஆனால் வேதக்காரரும் முஸ்லிம்களும் தயங்குவார்கள். துடக்கு நாட்களில் பெண்கள் வர மாட்டார்கள். தொழிற்சங்கக் கந்தோர் கூடவே கூடாது. சனசமூக நிலையம், முன்பள்ளி, வேலை முடிந்த பிறகு சும்மா கிடக்கும் பிள்ளைக்காம்பரா, இவற்றில் ஒன்றைப் பாருங்கள். கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தமென்றால் முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, எழுத்தில் பதிலும் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் அனுமதி அடுத்த துரை மாறி வரும்வரைதான்.

நேரம் ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பதரை வரை என்று வைப்பது நல்லது. திங்கள் முதல் சனி வரை மலை. ஞாயிறு எல்லோரும் டவுனுக்கு இறங்குகிற நாள். போகிற வழியில் உங்களிடம் வந்து, எந்தக் கடதாசிக்குப் போட்டோக்கொப்பி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனால் அன்றே எடுத்து வந்துவிடலாம். திங்கள் காலை நீங்கள் கந்தோருக்குப் போகலாம். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு கூட்டம் அதிகம். அன்றைக்கு மூன்று பேர் இருக்க வேண்டும்.

பதிவும் பணமும்

வாசல் உதவிக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதவும், வங்கிக் கணக்கு திறக்கவும், வெளியூர் உறவுகளிடமிருந்து உதவி வாங்கவும் பதிவு வேண்டும். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளுக்கென்றே 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். அங்கேயே இன்னொரு வழியையும் விசாரியுங்கள்: 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் முதியோர் சங்கங்கள் உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் ஏற்கெனவே இருக்கலாம். இருந்தால் அதற்குள்ளேயே உதவி மேசையை ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்வது புதுச் சங்கம் வைப்பதை விட லேசு.

பிரதேச சபையையும் மறக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை செலவு செய்வதற்குத் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே வருடம் அம்பகமுவ சபை பிரிந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும், நுவரெலியா சபை பிரிந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகளாயின. தோட்டத்துப் பாதைக்கும் பீலிக்கும் "எங்களால் முடியாது, சட்டமில்லை" என்ற பழைய பதிலை யாராவது இன்னும் சொன்னால், அந்த 2018 திருத்தத்தை நினைவுபடுத்துங்கள்.

பண விஷயத்தில் நான்கே விதி:

1. கூட்டுக் கணக்கு, இரண்டு கையொப்பம். இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது.
2. உதவி கேட்டு வருபவரிடம் ஒரு ரூபாவும் வாங்கக்கூடாது. முத்திரைக்கும் போட்டோக்கொப்பிக்கும் அவர் கையாலேயே கடையில் கொடுக்கட்டும்.
3. கடன் கொடுக்கக்கூடாது, கடனுக்குப் பிணை நிற்கக்கூடாது.
4. வரவு செலவை மாதம் ஒருமுறை கொழுந்து மடுவத்தின் சுவரில் ஒட்டுங்கள். மழை படாத பக்கமாக.

முதல் ஞாயிறு

தேவையான சாமான்: ஒரு பெரிய சி.ஆர். கொப்பி, பேனை, கைநாட்டுக்கு மைப் பெட்டி, பூட்டுள்ள ஒரு அலுமாரி, 1990, 1938, 1929 என்ற மூன்று இலக்கங்களும் பெரிதாக எழுதிய ஓர் அட்டை. முதலாவது இலவச அம்புலன்ஸ், இரண்டாவது பெண்களுக்கானது, மூன்றாவது சிறுவர்களுக்கானது.

ஒருவர் வந்தவுடன்:

1. முதலில் பேச விடுங்கள். ஐந்து நிமிடம் பேனையைத் தொடாதீர்கள். "அஸ்வெசும வரல" என்று வருபவரின் உண்மையான பிரச்சினை மகன் அடையாள அட்டையைக் கடைக்காரரிடம் அடகு வைத்ததாக இருக்கலாம்.
2. கொப்பியில் தொடர் இலக்கம், திகதி, பெயர், காம்பரா, விஷயம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்.
3. என்ன கடதாசி இருக்கிறது என்று பாருங்கள். மூலப்பிரதியை வாங்கி வைக்காதீர்கள்.
4. அடுத்து யார், எப்போது, எங்கே போக வேண்டும் என்பதை ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் கொடுங்கள், பேரப்பிள்ளை வாசிக்கும்.
5. முடியாத காரியமென்றால் அன்றே முடியாது என்று சொல்லுங்கள். "பாப்போம்" என்ற சொல்லை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது விதியை நான் என் பிழையில்தான் கற்றேன். ஒரு பெரியவரின் பிரஜாவுரிமைச் சான்றிதழை, கொப்பி எடுத்துத் தருகிறேன் என்று என் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஜூன் மாதத்து ஹட்டன் மழை. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையைத் திறந்தால், முத்திரை இருந்த இடத்தில் ஊதா நிறமாக ஒரு கறை. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்ல சேர், நான் சாகப்போறவந்தானே" என்றார். அந்த ஒரு கடதாசிக்காக அவருடைய அப்பா எத்தனை வருடம் அலைந்தார் என்பது எனக்குத் தெரியும்.

கடதாசி வேலை: பெயர்ப் பிழை

மேசைக்கு வரும் வேலையில் அதிகம் இதுதான். பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து மேசையில் கொட்டுவார்கள். பிறப்புச் சான்றிதழில் "மாரியாயி", அடையாள அட்டையில் "மாரியம்மா", செக்ரோலில் "மாரி", வங்கிப் புத்தகத்தில் புருஷன் பெயரோடு சேர்ந்து நான்காவதாக ஒன்று. ஆள் ஒருத்திதான். ஒருவர் காதால் கேட்டதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதி, அதை மூன்றாமவர் சிங்களத்துக்கும் நான்காமவர் மறுபடி தமிழுக்கும் கொண்டுவந்த கதை அது.

வேலையின் ஒழுங்கு இது. மாற்றிச் செய்தால் திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டிவரும்.

1. ஒரு முழுத் தாளில் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு வரி: என்ன ஆவணம், எந்த மொழி, பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது, பிறந்த திகதி, இலக்கம். இந்தத் தாளே பாதி வேலை. உத்தியோகத்தரிடம் இதை நீட்டினால் அவருக்கும் விஷயம் ஒரு நிமிடத்தில் விளங்கும்.
2. வேர் பிறப்புச் சான்றிதழ். அதில் பிழையென்றால் முதலில் அதைத் திருத்த, பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போங்கள்.
3. சான்றிதழே இல்லையென்றால் பதிவைத் தேட விண்ணப்பியுங்கள். பதிவு இல்லை என்று எழுத்தில் வந்தால் அடுத்தது உத்தேச வயதுச் சான்றிதழ்.
4. அதற்குப் பிறகுதான் அடையாள அட்டை. 15 வயதானவுடன் எடுக்க வேண்டியது. விண்ணப்பத்தை உறுதிப்படுத்துபவர் பள்ளி மாணவருக்கு அதிபர், தோட்டத்தில் இருப்பவருக்குத் தோட்ட அதிகாரி அல்லது கிராம உத்தியோகத்தர். யாரிடம் போவது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.
5. கடைசியாக வங்கிப் புத்தகமும் ஈ.பி.எப். பதிவும்.

வயதானவர்களுக்கு எல்லாவற்றையும் திருத்தி முடிக்க ஆயுள் போதாது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்தால் பல இடங்களில் போதும். ஆனால் அதைக் கேட்கப்போகும் கந்தோர் ஏற்குமா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு முடியுங்கள். உங்கள் குழுவிலேயே ஒருவர் சமாதான நீதவான் என்றால் அதிர்ஷ்டம். அவர் ஒப்பத்துக்குக் காசு வாங்குவதில்லை என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அந்த டின்னுக்குள் பிரஜாவுரிமைக் கடதாசியும் இருக்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்ததும், 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைப் பங்கு போட்டதும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு மிச்சமிருந்தவர்களின் விஷயம் முடிவுக்கு வந்ததும் உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். மடிப்பில் கிழிந்து மஞ்சளாகிப்போன அந்தக் கடதாசியை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையை உரசிப் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கண்ணாடிப் பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டுக் கொடுங்கள்.

கடதாசி வேலை: ஈ.பி.எப்.பும் சர்வீஸ் பணமும்

இவை இரண்டும் ஒன்றல்ல. வருபவர்கள் இரண்டையும் சேர்த்து "சேவகால காசு" என்பார்கள். நீங்கள் குழப்பக்கூடாது.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருவது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் தோட்டத்தின் பங்காக 12 சதவீதமும் மாதாமாதம் சேரும். வேலையிலிருந்து நின்ற பிறகு பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில் எடுக்கலாம். விண்ணப்பம் தொழில் கந்தோரில். அங்கத்துவ இலக்கம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒத்திருக்க வேண்டும். அதனால்தான் முந்திய பகுதியை முதலில் வைத்தேன். இதோடு தோட்டம் தனியாகக் கட்டும் 3 சதவீத ஈ.டி.எப். இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அதற்கு விண்ணப்பம் வேறு. பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

சர்வீஸ் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில் வருவது. குறைந்தது ஐந்து வருடச் சேவை வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய விகிதத்தில். 30 வருடம் வேலை செய்தவருக்கு 30 தரம் 14, அதாவது 420 நாள் சம்பளம். இந்தக் கணக்கை அவர் கண் முன்னே தாளில் போட்டுக் காட்டுங்கள். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் 10 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை மேலதிகத் தொகை சேரும்.

வழக்கமாக நடக்கும் மூன்று பிழைகள்:

முதலாவது, நின்ற திகதி எழுத்தில் இல்லாதது. "கண்ணு தெரியல, வீட்ல இருந்துட்டேன்" என்பது ஓய்வு அல்ல. பதிவேட்டில் அவர் வேலைக்கு வராதவர். நிற்பதற்கு முன் கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் கந்தோர் முத்திரை வாங்க வைக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்காகவே உங்கள் சங்கம் இருக்கலாம்.

இரண்டாவது, சேவைக்காலம் குறைவாகக் கணக்கிடப்படுவது. தோட்டங்கள் 1992இல் கம்பனிகளிடம் போயின. அதற்கு முன் அரசாங்கக் கூட்டுத்தாபனங்களின் காலத்தில் பேர் பதிந்தவர்களின் அந்த வருடங்களும் கணக்கில் வந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம் என்பதற்கு வெறும் தலையாட்டல். தவணையில் வாங்குவதானால் மொத்தத் தொகை, தவணை எத்தனை, திகதிகள் என்ன என்று கடிதத்தில் இருக்க வேண்டும். தராவிட்டால் தொழில் கந்தோரில் முறைப்பாடு. அங்கும் இழுத்தால் சட்ட உதவி ஆணைக்குழு.

*எச்சரிக்கை:* பணம் கைக்கு வரும் வாரத்தில்தான் மகன், மருமகன், வட்டிக்காரர், புது மோட்டார் சைக்கிள் எல்லாம் வரும். பாஸ்புத்தகத்தை நீங்கள் வைத்துக்கொள்ளும்படி அழுதாலும் வாங்காதீர்கள். வங்கிக்குக் கூடப் போய்ப் பக்கத்தில் இருங்கள், பணத்தைத் தொடாதீர்கள்.

கடதாசி வேலை: கடிதங்கள்

லயத்துக்கு முகவரி இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, நேர்முகப் பரீட்சை முடிந்த மறுவாரம் வீடு சேரும். உங்கள் முகவரியைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்தால், வரும் ஒவ்வொரு கடிதத்தையும் திறக்காமல், கொப்பியில் பதிந்து, கையொப்பம் வாங்கி ஒப்படைக்கும் பொறுப்பு உங்களுக்கு. உங்களில் பழைய தபால்காரர் இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

அரசாங்கத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பிலேயே உள்ள உரிமை. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அதை மொழிபெயர்த்து ஆளிடம் சொல்லிவிட்டு, தமிழில் கேட்டு மறுகடிதம் போடுங்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோபமாக நாலு பக்கம் எழுதுவதை விட, ஒரு பக்கத்தில் மூன்று கேள்வி.

வீடு தேடிப் போகும்போது

படுக்கையில் கிடப்பவர், தனியாக இருக்கும் ஆச்சி, பிள்ளைகள் கொழும்பிலும் வளைகுடாவிலும் இருக்க வீட்டில் மிஞ்சியவர்கள் மேசைக்கு வர மாட்டார்கள். அவர்களிடம் நீங்கள் போக வேண்டும். ஆனால் உங்களுக்கும் அறுபது தாண்டிவிட்டது.

- எப்போதும் இருவராகப் போங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண் கட்டாயம்.
- மாலை ஐந்துக்குள் திரும்பிவிடுங்கள். எந்தக் காம்பராவுக்குப் போகிறீர்கள் என்று மேசைக் கொப்பியில் எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.
- பாசி பிடித்த கல்படியில் குடை ஊன்றி நடக்காதீர்கள், குடை வழுக்கும். நல்ல தடி ஒன்று போதும். அட்டைக்கு உப்புத்துணி.
- தேயிலைக்குள் குறுக்குப் பாதை வேண்டாம். குளவி கலைந்தால் கையை வீசாமல், முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு விலகிப் போங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தால் "சும்மா சுண்ணாம்பு தடவினா சரி" என்பதைக் கேட்காமல் 1990.
- நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரி.
- பிரஷர் குளிசை, சீனி வருத்தக்காரர் என்றால் ஒரு இனிப்பு, பையில் இருக்கட்டும்.

மருந்து கொடுக்காதீர்கள். உங்கள் குளிசையில் ஒன்றைக்கூட. கிளினிக் கொப்பியைப் பார்த்து அடுத்த திகதி எப்போது, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கா நுவரெலியாவுக்கா, கூடப் போக ஆள் உண்டா என்று கேட்பதுதான் உங்கள் வேலை. சிறுபிள்ளையின் உடம்பில் அடிபட்ட தழும்பு கண்டால் வீட்டுக்குள் பஞ்சாயத்து வைக்காமல் வெளியே வந்து 1929க்குச் சொல்லுங்கள்.

மழை மாதங்கள்

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று வருடக்கணக்காகச் சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கையைத் தினமும் நினைவில் வைத்திருக்க ஊருக்குள் ஒருவர் வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஓய்வு பெற்றவர்களுக்குப் பொருத்தமான வேலை இது.

ஒரு மழைமானி வாங்கித் திறந்த இடத்தில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலும் அப்படித்தான். அளவு ஒருபக்கம் இருக்க, நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் அல்லது நின்றுபோகும் பீலி, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இலக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 117க்குச் சொல்லுங்கள், கோயில் மணியை அடியுங்கள். எந்த லயத்தில் நடக்க முடியாதவர் யார், அவரைத் தூக்க எந்த இரண்டு இளைஞர்கள் என்ற பட்டியலை மே மாதத்துக்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும்.

கொப்பியைக் கைமாற்றுதல்

பென்ஷன்காரர்கள் நடத்தும் சங்கத்துக்கு ஒரு கஷ்டம் உண்டு. நாமும் விழுவோம், கண்ணில் சத்திரசிகிச்சை வரும், மகள் கொழும்புக்குக் கூட்டிப் போய்விடுவாள். ஒரே ஆளின் தலைக்குள் எல்லாக் கோப்பும் இருந்தால் அவரோடு அது போய்விடும்.

1. ஒவ்வொரு விஷயத்தையும் இருவர் அறிந்திருக்க வேண்டும்.
2. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை மேசைக்குக் கூப்பிடுங்கள். எடுபிடி வேலைக்கல்ல, கட்டம் போடுவது, படிவம் நிரப்புவது, போனில் தேடுவது எல்லாம் அவர்களுக்குக் கைவரும். அந்தரங்க விஷயங்களில் மட்டும் சேர்க்காதீர்கள்.
3. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக்கூடாது.
4. முடிந்த கோப்புகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, பிறர் கடதாசிப் பிரதிகளை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள். வாங்க ஆளில்லையென்றால் எரித்துவிடுங்கள். கடலைச் சுருளாக அவை கடைக்குப் போகக்கூடாது.
5. அலுமாரிச் சாவி இரண்டு செய்யுங்கள். ஒன்று உங்களிடம். மற்றது குழுவில் வயது குறைந்தவரிடம். நீங்கள் வராத ஞாயிறும் ஏழு மணிக்கு மேசை திறந்திருக்க வேண்டும்.